வலது கைக்கு ஒரு நீவாடு

ஜெர்லின் அப்பாவின் வலது கை, பர்னபாஸ் அண்ணனுடைய வள்ளத்து நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேலே வந்த நேரம், கரையில் பெண்கள் சாளை மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள், ஆண்கள் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டே யார் டீ வாங்கி வருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் கூச்சல் போடவில்லை. சங்கு குளிக்கப் போய்த் திரும்பாதவர்கள் தங்கள் நினைவாக எதையாவது அனுப்பிவைப்பது எங்கள் சிலுவைத்துறையில் நடக்கிறதுதான், ஒருத்தருடைய தொப்பி வந்திருக்கிறது, ஒருத்தருடைய இடுப்புக் கயிறு வந்திருக்கிறது, இவருக்குக் கை வந்தது.

அது மணிக்கட்டோடு முடிந்திருந்தது. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பவளக்கல்லும், தோல் இருக்க வேண்டிய இடத்தில் தேன் நிறத்தில் மெத்தென்ற சதையும், ஒவ்வொரு மயிர்க்காலிலும் குண்டூசி முனை அளவுக்கு ஒரு வாயும் இருந்தன. மோதிரவிரலுக்கு நுனி இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருசம் கயிற்றுச் சுருக்கில் மாட்டிப் போன நுனி அது. அந்த விரலைப் பார்த்ததும் கரை முழுக்க, ஆமாம், அவன்தான் என்று சொல்லிவிட்டது. பர்னபாஸ் அண்ணன் அதைக் கயிற்றிலிருந்து எடுத்தபோது அது அவர் கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டதாம். கடலுக்கு அடியில் ஜெர்லின் அப்பாவுடைய மூச்சுக் குழாய் அறுந்துபோன அன்றைக்கு, வள்ளத்தில் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். வீடு வரைக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் வாசலில் நின்று சொன்ன முதல் வார்த்தை, "மாப்ளைக்கு எம்மேல கோவம் இல்ல போலம்மா."

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் ஊரில் கடலோடு போனவனுக்குத் துக்கமணி அடிக்க வேண்டுமென்றால், அவன் பெண்டாட்டி கோயில் வாசலில் நின்று, கடலைப் பார்த்து, அவன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் கயிற்றை இழுப்பார். மணி அடித்தால்தான் அவன் போனவன். அதுவரை அவன் வீட்டில் இருக்கிறவன் கணக்கு, வள்ளங்கள் கரை சேர்ந்ததும் குழம்புக்கென்று அவனுக்குரிய பங்கு, கறிமீன், வீட்டுக்குள் வந்துவிடும். என்னையும் ஒருநாள் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவர் பெயரைச் சொன்னதில்லை, கூப்பிட வேண்டுமானால் ஏதாவது பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன், பிள்ளை பிறந்த பிறகு ஜெர்லின் அப்பா என்பேன். அன்றைக்கு ஊர் மொத்தமும் பின்னால் காத்துக்கொண்டு நிற்க, வாய் திறந்தது, காற்று வந்தது, பெயர் வரவில்லை. வெயில் ஏறியதும் பெண்கள், சின்னப் பிள்ளை, வெக்கப்படுதா, இன்னொரு நாள் பாப்போம் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த இன்னொரு நாள் வருவதற்குள் கை வந்துவிட்டது. உயிரோடு வந்துவிட்டது. இனி நான் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு ஏற்பட்ட ஆறுதலை எந்த வார்த்தையில் எழுதுவது என்று தெரியவில்லை.

முதலில் அதைக் கல்யாணச் சோறு வடிக்கிற அண்டாவில் வைத்தோம். பிறகு, மீனெல்லாம் செத்துச் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியை சலூன் கடையிலிருந்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். ரெஜினா மைனி, ஜெர்லின் அப்பாவுடைய அக்கா, குடம் குடமாகக் கடல் தண்ணீர் சுமந்து அதை நிரப்பினாள். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் மைனி. தண்ணீர் தெளிகிறவரை காத்திருந்து, கையை மணல் மேல் வைத்து, நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஊர் வந்தது.

பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வந்து கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். அவரோடு வேலித் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் வந்து, தொட்டிக்குள் கையை விட்டுக் குலுக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் வேலியைப் பிடுங்கிப் போட்டார். பர்னபாஸ் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சீட்டுப் போட்டார், கைக்கும் சேர்த்துப் போட்டார், தோற்றார், "செத்துப் பொழச்சும் மாப்ளை ஏமாத்துதத விடல பாருங்க" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். பவளப்பூச்சியை வீட்டில் வைப்பது குற்றம் என்று சொல்ல வந்த வனக்காவலர் தொட்டியைப் பார்த்தார், மோதிரவிரலைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், மனுசன் சொந்த வீட்டில் இருப்பதற்கு நான் எந்தச் சட்டத்தில் போய்க் கேஸ் எழுத என்று ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஜெர்லின்தான் எல்லோரையும்விடச் சுலபமாக எடுத்துக்கொண்டாள். கட்டிலில் படுத்தபடியே ஒரு கையை நீட்டித் தூளியை ஆட்டுவது அவள் அப்பாவுடைய வழக்கம், அவர் போனதிலிருந்து யார் ஆட்டினாலும் பிள்ளை தூங்கவில்லை, நான் ஆட்டினால் இன்னும் அழுதாள். இப்போது கண்ணாடியில் தன் உள்ளங்கையை வைத்து, அந்தப் பக்கம் இருக்கிற விரலோடு தன் விரலை ஒன்று ஒன்றாகச் சேர்த்து, நுனியில்லாத குட்டை விரல் வரும்போது சிரித்து, அப்படியே தொட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு தூங்கிப்போனாள்.

ஆனால் கை நலியத் தொடங்கியது.

அது எங்கள் ஊர்க்காரர்களால் வந்த வினை. கடலுக்குள் ஓடுகிற ஓட்டத்தை நாங்கள் நீவாடு என்போம். சங்கு குளிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. நீவாடு கலக்கினால் கண் தெரியாது, நீவாடு இழுத்தால் ஆள் கிடையாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிற நாளைத்தான் எங்கள் ஆண்கள் நல்ல நாள் என்பார்கள். அவருடைய குழாயை அறுத்துக்கொண்டு போனதும் நீவாடுதான். அதனால் தொட்டித் தண்ணீர் அசையவே கூடாது என்று மைனி சொன்னதை ஊர் முழுக்க ஒத்துக்கொண்டது. தொட்டி இருக்கிற அறையில் யாரும் விசிறி போடவில்லை, வந்தவர்கள் பூனை மாதிரி நடந்தார்கள், தும்மல் வந்தால் வெளியே ஓடினார்கள். பழைய தண்ணீரைத் துணி நனைத்துப் பிழிந்து எடுத்தாள் மைனி, புதுத் தண்ணீரை டம்ளர் டம்ளராக ஓரத்தில் விட்டாள். "இனிமேயாவது அவன் அசையாம கெடக்கட்டும்" என்றாள். கை அசையாமல் கிடந்தது. அதன் மேல் தூசி படிந்தது, தூசிக்கு மேல் கோழை படிந்தது, சின்ன வாய்கள் மூடிக்கொண்டன, சுண்டுவிரல் ஓரத்தில் தேன் நிறம் போய் எலும்பு வெள்ளை தெரிந்தது.

தூத்துக்குடியில் வண்ணமீன் கடை வைத்திருக்கிற மைதீன் பாயிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னது பர்னபாஸ் அண்ணன். ஜெர்லினை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடையில் ஆள் போகிறவரை மீன் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் பாயே கேட்டார்.

"என்ன வேணும் தங்கச்சி?"

"தண்ணி ஓட வைக்க மோட்டார்."

"என்ன வளக்கிறிய?"

"பவளம்."

"வீட்டுலயா? ஆருக்கு இந்த ஆசை, வீட்டுக்காரருக்கா?"

"வீட்டுக்காரரேதான்" என்று நான் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "கை மட்டும்."

"எந்தக் கை?"

"வலது கை."

"சோறு திங்கிற கை. அப்ப பசி இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார், ஜெர்லினுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார், பலகை மேல் மோட்டார்களை வரிசையாக எடுத்து வைத்தார்.

"மீனுக்குத் தண்ணி இருந்தாப் போதும் தங்கச்சி, இதுக்குத் தண்ணி ஓடணும். இதுக்குக் கால் இல்ல பாத்துக்கிடுங்க, எழுந்து போய்த் திங்க முடியாது. தண்ணிதான் சோத்தைக் கொண்டாந்து வாயில வைக்கணும், தண்ணிதான் கழுவிவிடணும், மூச்சும் தண்ணி ஓடுனாத்தான். கைப்பிள்ளைக்கு நீங்க செய்யிற அத்தனையும் இதுக்கு நீவாடு செய்யிது." ஒரு கைக்குள் அடங்குகிற சின்னதைத் தொட்டார். "இது ஒரே பக்கமா மெல்ல ஊதும், சத்தம் இருக்காது." பக்கத்தில் இருந்த பெரியதைத் தொட்டார். "இது தீயணைப்பு வண்டி. நேரே அடிச்சா சதையே பிஞ்சிரும்." மூன்றாவதைக் கையில் எடுத்தார். காந்தத்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற மோட்டார் அது, வெளியே ஒரு சின்னப் பெட்டியும் அதில் திருகுகிற ஒரு குமிழும் இருந்தன. "இது வேவ் மேக்கர். அலை போடும். போகும், நிக்கும், திரும்பி வரும். கடல் எப்படியோ அப்படி. கூட்டலாம், குறைக்கலாம்."

நான் சின்னதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாய் அதைக் கவனித்தார்.

"ஒண்ணு சொல்லுதேன், வருத்தப்படாதிய. ஓட்டம் பத்தலைன்னா அது இருக்கிற உருவத்துலயே வெளுத்துக் கல்லாயிரும். கை கையாவே இருக்கும், அலமாரியில வச்சுக் காலமெல்லாம் பாக்கலாம். நல்ல ஓட்டம் குடுத்தியன்னா உசுரோட இருக்கும். ஆனா உசுரோட இருக்கிறது வளரும். வளந்தா கிளை விடும், கை கையா இருக்காது. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும், அதுக்குத் தக்கன மோட்டார் நான் தாரேன்."

எது வேணும் என்று என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. அதனால் பதில் சொல்லிப் பழக்கமில்லை. சின்னதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதைப் பார்த்ததும் மைனி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "தம்பியக் கொன்ன கொலைகாரனை விலைக்கு வாங்கிக் கூட்டிட்டு வந்து வீட்டுக்குள்ள விடுதியா ஏட்டி செலஸ்தி?" தெருவே வாசலில் கூடியது. சின்னதுதானே மைனி, கொசு மாதிரி, என்று பர்னபாஸ் அண்ணன் சமாதானம் செய்து, சுவிட்சைப் போட்டார். தண்ணீர் ஒரு பக்கமாக மெல்ல ஓடியது. ஓட்டம் பட்ட கட்டைவிரலில் சின்ன வாய்கள் திறந்தன, ஊர் ஆவென்றது. ஆனால் ஓட்டம் படாத சுண்டுவிரல் பக்கம் குப்பை சேர்ந்துகொண்டே போனது. பாதி தெளிந்து, பாதி வெளுத்து, பக்கவாதம் வந்தவர் கை மாதிரி ஆனது. ஒரு காலையில் சுண்டுவிரல் முழுவதும் வெள்ளைக் கல்லாக இருந்தது. ஜெர்லின் கண்ணாடியில் விரல் சேர்த்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்று, "ஊ, ஆய்" என்றாள். காயம் என்பதற்கு அவளுடைய வார்த்தை அது.

மறுபடி பஸ் ஏறினேன். சின்னதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அலை போடுகிறதை வாங்கி வந்தேன். கூச்சப்படுகிறவர்கள் செய்வதுபோல யாரிடமும் சொல்லாமல் செய்தேன்.

மைனி மாட்டுத் தீவனம் வாங்கப் போயிருந்த நேரம் நானே அதைக் கண்ணாடியில் ஒட்டினேன், குமிழைக் கடைசி வரைக்கும் குறைத்துவைத்து சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் போனது. நின்றது. திரும்பி வந்தது. கை அதோடு சேர்ந்து மெல்லச் சாய்ந்தது, நின்றது, நிமிர்ந்தது. திரும்பவும் சாய்ந்தது. அந்த வேகம் எனக்குத் தெரியும். கட்டிலில் படுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அரைத் தூக்கத்தில் தூளியை ஆட்டுகிற வேகம். ஜெர்லின் ஓடிவந்து கண்ணாடியில் கன்னத்தை வைத்தாள். மைனி தீவன மூட்டையோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள், திட்டுவதற்குத் திறந்த வாயை மூடாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு மூட்டையை இறக்கிவைத்து அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள். நீவாட்டுக்கு எங்கள் வீட்டில் இடம் கிடைத்தது அப்படித்தான்.

அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் தெரு அந்த ஆட்டத்துக்கு ஆடியது. இடியாப்பம் பிழிகிறவர்கள் அதற்கு ஏற்றபடி பிழிந்தார்கள், வலை பொத்துகிறவர்கள் அதற்கு ஏற்றபடி ஊசி கோத்தார்கள், தூக்கம் வராத கைப்பிள்ளைகளை எல்லாம் கொண்டுவந்து தொட்டிக்கு முன்னால் கிடத்தினார்கள், எங்கள் வீட்டில் நடக்க இடமில்லாமல் பிள்ளைகள் தூங்கின. கோழை கழன்று போனது. வாய்கள் திறந்தன. வெளுத்துப்போன சுண்டுவிரல் மேலேகூட அடியிலிருந்து தேன் நிறம் ஏறி மூடிக்கொண்டது. ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் இன்னும் செழித்தது, நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன்.

பிறகு கட்டைவிரல் இரண்டாகக் கிளைத்தது.

நடுவிரல் மூன்றானது, உள்ளங்கைக் குழியிலிருந்து புதிதாக ஒன்று முளைத்தது, விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இருந்த இடம் தூர்ந்தது. பரீட்சைப் பிள்ளைகள் எந்த விரலைப் பார்த்துக் கும்பிடுவது என்று குழம்பினார்கள். வேலிக்காரர் குலுக்கப் போய், குலுக்குவதற்குப் பிடி கிடைக்காமல், கையை எடுத்துக்கொண்டார். பர்னபாஸ் அண்ணன் சீட்டைக் கட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மாப்ளை கை நெறையக் கை ஆயிட்டு. எந்தக் கைக்குன்னு நான் சீட்டுப் போட?" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. ஜெர்லின் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைப்பாள், பொருத்திப் பார்ப்பாள், பொருந்தாது, கையைத் திருப்பித் தன் விரல்களைப் பார்ப்பாள். தப்பு தன்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள் போலிருக்கும்.

மைனிக்கு அந்தக் குட்டை விரல் ஒன்றே பிடிமானமாக இருந்தது. காலையில் எழுந்ததும் வந்து அதைத்தான் தேடுவாள். கிளைகளுக்கு நடுவில் கண்டுபிடித்து, "இந்தா இருக்கான்" என்று சொன்ன பிறகுதான் பல் விளக்கப் போவாள். அந்த விரலின் வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு விடியற்காலை, வெள்ளையாக, மிளகு அளவுக்கு, நுனி முளைக்கத் தொடங்கியது.

நான் கரைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது வீட்டுக்குள்ளிருந்து தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தமும் கருகின வாடையும் வந்தது. மைனி மோட்டாரைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கியிருந்தாள். கரண்ட்டை நிறுத்தத் தெரியாமல் அப்படியே பிடுங்கியிருந்தாள். தண்ணீர் இல்லாத வெறுங்காற்றில் அது அவள் மடியில் சுற்றிச் சுற்றி, சூடாகி, புகைந்து, நின்றுபோயிருந்தது. அவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கை சிவந்திருந்தது.

"இம்புட்டுப் போதும்னு சொன்னேன்" என்றாள். "இதுக்கு மேல வளர வேண்டாம்னுதான் சொன்னேன். அந்த நுனியும் மொளச்சா அவன் இல்லாமப் போயிருவான் ஏட்டி. ஒரு விரலாவது எனக்கு வேண்டாமா?"

தொட்டியில் தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. கண்ணாடி மாதிரி, எங்கள் ஆண்கள் நல்ல நாள் என்று சொல்கிற மாதிரி. அவ்வளவு பெரிதாக வளர்ந்த பிறகு அந்த அமைதி அதற்கு ஒரு பொழுதுகூடத் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கிளையிலும் வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டு வந்தன. வெளியே புயல் மழை தொடங்கியிருந்தது, தூத்துக்குடி பஸ் வராது. மைனிதான் முதலில் எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள், கையைத் தொட்டிக்குள் முழங்கை வரைக்கும் விட்டாள், அங்கிட்டும் இங்கிட்டும் அசைக்கத் தொடங்கினாள். போனாள், நின்றாள், திரும்பி வந்தாள்.

அவள் தோள் கடுத்ததும் நான் என் கையை உள்ளே விட்டேன். நான் களைத்ததும் பர்னபாஸ் அண்ணன் விட்டார், பிறகு வேலிக்காரர், பிறகு உபதேசியார், பிறகு தெருவே வரிசையில் நின்றது. நனைந்துகொண்டே வந்தார்கள், கையைக் கழுவிவிட்டுத் தொட்டிக்குள் விட்டார்கள், "மெல்லடே, மோர் கடையாத" என்று ஒருத்தரையொருத்தர் திட்டினார்கள். பரம்பரை பரம்பரையாக நீவாட்டுக்குப் பயந்து, நீவாட்டிடம் அப்பனையும் அண்ணனையும் கொடுத்து, நீவாடு என்று சொல்லும்போதே சிலுவை போட்டுக்கொள்கிறவர்களின் கைகள் எல்லாம், மழை விடுகிறவரைக்கும், முறை வைத்து நீவாடாக இருந்தன.

வாய்கள் திறந்தன. மைனியுடைய முறை திரும்பவும் வந்தபோது, குட்டை விரல் இருந்த கிளைக்குப் பக்கத்தில் தன் விரலைக் கொண்டுபோய் நிறுத்தினாள். சின்ன வாய்கள் அவள் விரலைத் தொட்டுப் பார்த்தன, தின்கிற பொருள் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டன. அவள் இன்னொரு தரம் வைத்தாள். இன்னொரு தரம் விட்டுவிட்டன.

"என்னை அடையாளம் தெரியல செலஸ்தி" என்றாள். குரலில் கோபம் இல்லை. கையை மட்டும் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருந்தாள். "பசிக்கி அதுக்கு. வேற ஒண்ணும் இல்ல. பச்சப்பிள்ளைக்குப் பசிக்கிற மாதிரி பசிக்கி."

மழை விட்டதும் நாங்கள் இரண்டு பேரும் தூத்துக்குடிக்குப் போனோம். திரும்பி வருகிறவரை தொட்டி தெருவின் கையில் இருந்தது. மைதீன் பாய் சின்னதையும் அலை போடுகிறதையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மைனி சின்னதைக் கையில் எடுத்தாள், எடை பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள், கீழே வைத்தாள், என்னைப் பார்த்தாள். இந்தத் தரம் இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"அலை போடுறது" என்று நான் சொன்னேன். "இதைவிடப் பெருசு இருந்தா, பெருசு. அது இனியும் வளரும்."

பாய் உள்ளே போய் எடுத்து வந்தார். பஸ்ஸில் அதை மைனி மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வருகிறவரை பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தாள்.

அதை மாட்டி ஓடவிட்ட மறுநாள் காலையில் ஜெர்லினைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உபதேசியார் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"மணி அடிக்கணும்" என்றேன்.

அவர் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தார். "கை உசுரோட இருக்கே தாயி. நானே தண்ணி அளைஞ்சிருக்கேனே. உசுரோட இருக்கிறவனுக்கு எப்படி அடிக்க?"

"உசுரோடதான் இருக்கு. அது இப்ப அவர் இல்ல."

"குட்டை விரலு?"

"நுனி மொளச்சிட்டு."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மணிக்கூண்டுக்குப் போய்க் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, எட்டிப் பார்த்துத் தலையை அசைத்தார். கரையில் இருந்தவர்கள் ஒருத்தர் ஒருத்தராக எழுந்து நின்றார்கள். மைனி எனக்குப் பின்னால் வந்து நின்றது அவள் மூச்சிலிருந்து தெரிந்தது. கடல் போனது, நின்றது, திரும்பி வந்தது.

"கஸ்பார்" என்றேன்.

"கேக்கலம்மா" என்றார் உபதேசியார்.

"கஸ்பார்."

"காத்து அடிக்கி தாயி. இன்னும் கொஞ்சம்."

எனக்குள் இத்தனை பெரிய சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து சொல்லாமல் சேர்த்துவைத்த அத்தனையும் ஒரே தரத்தில் வெளியே வந்தது. காய்ந்துகொண்டிருந்த சாளை மேல் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன, பர்னபாஸ் அண்ணன் தொப்பியைக் கழற்றினார், இடுப்பில் இருந்த ஜெர்லின் பயந்துபோய் என் வாயைத் தன் கையால் பொத்தினாள். அதற்குப் பிறகு மணி அடித்தது. ரொம்ப நேரம் அடித்தது.

அன்றைக்கு வள்ளங்கள் வந்ததும் கறிமீன் வந்தது. வீட்டுக்குள் வரவில்லை, வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். இல்லாதவன் வீட்டுக்குக் கொடுக்கிற முறை அது. மைனி எடுத்து ஆய்ந்தாள்.

மத்தியானம் ஜெர்லின் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மைனி புதிதாகச் சுமந்து ஊற்றின தண்ணீரோடு எப்படியோ வந்திருந்த ஒரு நீலக் குஞ்சு மீன், கிளைகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து விளையாடியது. காலையில் கேட்ட வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. மீனைக் காட்டி, "கஸ்பா" என்றாள். மோட்டாரைக் காட்டி, "கஸ்பா" என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்து, "கஸ்பா" என்றாள். அவளுக்கு அது ஒரு புதுச் சொல்.

கண் சொருகியதும் அவளைத் தூக்கித் தூளியில் போட்டேன். தொட்டியைப் பார்க்காமல், அதன் வேகத்தைப் பார்க்காமல், என் கைக்கு வருகிற வேகத்தில் ஆட்டினேன். அது கொஞ்சம் அவசரமான வேகம், அவர் ஆட்டுகிற மாதிரி இல்லை. அவள் ஒரு தரம் தலையைத் தூக்கி, யார் ஆட்டுவது என்று பார்த்தாள். நான்தான் என்று தெரிந்தும் படுத்துக்கொண்டாள். எனக்குத் தாலாட்டு ஒன்றும் பாடத் தெரியாது. தூளி போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம், பிள்ளைக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தூங்கிவிட்டாள்.